பெட்டியில் இடமில்லை

பதிவுத் தபால்

புளியம்பதி,
10 பிப்ரவரி 2025

செல்வலட்சுமி அவர்களுக்கு,

புளியம்பதி பால் சங்கத்தின் செயலாளர் பூபதிராஜா எழுதுவது. உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் பரிசோதனைக்கூடத்திலிருந்து எங்களுக்கு வரும் மாட்டு ரத்த அறிக்கைகளின் அடியில் இரண்டு வருடமாக உங்கள் பெயர்தான் இருக்கிறது. அதனால் கேள்வியும் உங்களிடம்தான்.

சென்ற நவம்பர் 20ஆம் தேதி எங்கள் உறுப்பினர் ஒருவரின் சினைமாடு ஆறாம் மாதத்திலேயே செத்த கன்றைப் போட்டது. அன்றே ரத்தம் எடுத்து, மறுநாள் ஐஸ் பெட்டியில் வைத்து உங்களுக்கு அனுப்பினோம். ஏழு நாளில் அறிக்கை மெயிலில் வரும் என்பது நமக்குள் ஏற்பாடு. வரவில்லை. டிசம்பர் 6ஆம் தேதி அதே கட்டுத்தரையில் இரண்டாவது மாடும் கன்று வீசியது. அந்த வீட்டுப் பெண் நர்மதா, வயது இருபத்தேழு, ஐந்து மாதம் முடிந்த கர்ப்பிணி. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அவளே வெறும் கையால் கன்றை இழுத்துப் போட்டாள்.

இருபது நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாளையார் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். ஜனவரி 4ஆம் தேதி குழந்தை இறந்து பிறந்தது. மாட்டின் கிருமி அவள் ரத்தத்திலும் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அறிக்கை காலத்தில் வந்திருந்தால் அவள் அந்த மாட்டைத் தொட்டிருக்க மாட்டாள். அனுப்பினீர்களா, இல்லையா என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். மார்ச் 30ஆம் தேதி சங்கப் பொதுக்குழு கூடுகிறது. உங்கள் பதிலை அங்கே படிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
பூபதிராஜா
செயலாளர்


மூன்றாம் டிவிஷன் லயம்,
மாட்டுப்பட்டி,
15 பிப்ரவரி 2025

ஐயா,

உங்கள் பதிவுத் தபாலை எங்கள் கூடத்துத் தலைவர் டாக்டர் மேடத்தின் முன்னால்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூடத்தில் வைத்துப் பதில் எழுத மனம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன். சம்பிரதாயத்துக்கு எழுதும் வரி இல்லை இது. நான் டியூபில் பார்ப்பதெல்லாம் மாட்டின் எண்தான். எண்ணுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று தெரியும், ஆனால் அந்த வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுப்பினேன். நவம்பர் 27, புதன்கிழமை, மாலை 4.12. அனுப்பிய மெயிலின் அச்சுப் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். கன்று வீச்சு நோய்க் கிருமி இருக்கிறது என்று முதல் வரியிலேயே இருக்கிறது. மாட்டைத் தனியே கட்ட வேண்டும், கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று கீழே எழுதியிருக்கிறேன். அது உங்கள் பெட்டியில் இல்லை என்றால் நீங்கள் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

நேற்று அதே அறிக்கையை மறுபடி அனுப்பிப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தது. பெறுபவரின் பெட்டியில் இடமில்லை என்று எழுதியிருந்தது. நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள், நான் எழுத்தில் அனுப்பினாலும் உங்கள் பெட்டி வாங்கவில்லை. அதனால்தான் நாலைந்து நாள் பிடிக்கும் தபாலில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் மெயில் புரோகிராமைத் திறக்கும்போது சிவப்பாக ஏதாவது எச்சரிக்கை வருகிறதா? பார்த்து எழுதுங்கள். உங்கள் ஊரில் ஜனவரியில் எடுத்த முப்பத்தொரு மாட்டு ரத்தமும் எங்கள் கையில் இருக்கிறது. மொத்தமாக வந்தது என்பதால் மார்ச் நடுவில்தான் அதற்கு அறிக்கை வரும். அதற்குள் பெட்டியைச் சரி செய்யுங்கள்.

செல்வலட்சுமி


புளியம்பதி,
22 பிப்ரவரி 2025

செல்வலட்சுமி அவர்களுக்கு,

பெட்டியைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன்.

எங்கள் பெட்டிக்குத் தினமும் மெயில் வருகிறது. தீவனக் கம்பெனி விலைப்பட்டியல் வருகிறது, கூட்ட அறிவிப்பு வருகிறது, நேற்று மட்டும் மூன்று வந்தன. இடமில்லாத பெட்டிக்குள் இதெல்லாம் எப்படி வந்தது? சிவப்புக் கோடு ஒன்று ஒரு வருடமாகவே வருகிறது, அது உண்மைதான். ஓகே கொடுத்தால் போய்விடும். அதைக் கண்டு நான் சும்மா இருக்கவில்லை. காலைப் பால் ஊற்றி முடிந்ததும் உட்கார்ந்து வேண்டாததையெல்லாம் டெலீட் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவை போய்ச் சேரும் டெலீட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்வதில்லை. சங்கத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை ஆடிட். ஆடிட்டர் எதைக் கேட்பார் என்று தெரியாது. எங்கள் வீட்டில் கட்டுத்தரையைத் தினமும் கூட்டி அள்ளுவோம், எருக்குழியைக் காலி செய்வது சித்திரையில் ஒரு தடவைதான். மெயிலையும் அப்படியே பழகிவிட்டேன். வெளியே தள்ளியது வெளியே தள்ளியதுதானே?

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். பிப்ரவரியில் அனுப்பியது திரும்பி வந்தது என்று இரண்டு நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது. அப்படியானால் நவம்பரில் அனுப்பியதும் திரும்பித்தானே வந்திருக்கும்? அப்போது ஏன் சொல்லவில்லை? நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் என் போன் எண் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்தை நான் செயலாளராக எழுதினேன். உறுப்பினர் ஒருவர் என்று எழுதினேனே, அது நான்தான். கட்டுத்தரை எங்கள் வீட்டுக் கட்டுத்தரை. நர்மதா என் மனைவி. டிசம்பர் 6ஆம் தேதி நான் கூட்டத்துக்குப் போயிருந்தேன், அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று அம்மா வாசலில் வைத்தே சொன்னார்: "மாசமா இருக்கறவ கட்டுத்தரப் பக்கம் போவாத போவாதன்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டாளா? கையக் கொண்டுபோயி உட்டுட்டு வந்து நிக்கறா." அன்றிலிருந்து நர்மதா பேசுவதே குறைந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள், கழுவிய கையை விரித்துப் பார்க்கிறாள், மறுபடி போய்க் கழுவுகிறாள். போன வாரம் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "ஏனுங்க, நானேதானுங்க கொன்னுட்டேன்."

தவறு மாட்டுப்பட்டியில் நடந்தது என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். அதை அவளிடம் காட்ட வேண்டும். பொதுக்குழு எப்படியும் போகட்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பூபதிராஜா


மூன்றாம் டிவிஷன் லயம்,
மாட்டுப்பட்டி,
1 மார்ச் 2025

ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு சொல்லாமல் விட்டேன்.

எங்கள் கூடத்துக்கும் பெட்டி சின்னதுதான். நாங்கள் அறிக்கை அனுப்புகிற சங்கங்கள் எழுபதுக்கு மேல். பாதிப் பேரின் பெட்டி எப்போதும் நிரம்பியே கிடக்கும். திரும்பி வரும் நோட்டீஸ்களில் நாங்கள் அனுப்பிய அறிக்கை ஸ்கேனும் ஒட்டிக்கொண்டு வருவதால் எங்கள் பெட்டியும் வழியும். இரண்டு தடவை வழிந்து, வெளி மெயில் நின்றுபோய், நான் ஏச்சு வாங்கினேன். அதனால் போன ஜூனில் மெயில் புரோகிராமில் ஒரு விதி எழுதி வைத்தேன். திரும்பி வருகிற நோட்டீஸ் எதுவானாலும் நேரே ஒரு தனி ஃபோல்டருக்குப் போய்விடும். சனிக்கிழமை தோறும் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்காமலே அழித்துவிடுவேன். எங்கள் பெட்டி அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிரம்பவில்லை. டாக்டர் மேடம் என்னைப் பாராட்டினார், பக்கத்து மேசை ஜிஸ்மி இந்த வித்தையைக் கற்றுக்கொண்டாள்.

உங்கள் அறிக்கை நவம்பர் 27ஆம் தேதி 4.14க்குத் திரும்பி வந்திருக்கும். 30ஆம் தேதி சனிக்கிழமை. அன்று அழித்திருப்பேன். பதிவேட்டில் உங்கள் சங்கத்துக்கு நேரே 'அனுப்பப்பட்டது' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். சேர்ந்ததா என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை. உங்கள் போன் எண் படிவத்தில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாரித்தாய், தேயிலை பறிக்கிறவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, திரும்பி வந்த கடிதாசியப் பிரிச்சுப் பாக்காமலா கிழிச்சுப் போட்ட? எதுக்குத் திரும்பி வந்துச்சுன்னு ஒரு கேள்வி வரலையா ஒனக்கு?" அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே என் பங்கை எழுதித் தருகிறேன். தனித் தாளில், தேதியும் கையெழுத்தும் போட்டு இத்துடன் இருக்கிறது. என் வேலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், நீங்கள் அதை எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் உங்கள் பங்கை நான் எழுத முடியாது, அது உங்களிடம் இருக்கிறது.

பெட்டி பற்றிச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். டெலீட் செய்த மெயில் வெளியே போவதில்லை. டெலீட்டட் ஐட்டம்ஸில் கிடப்பதும் உங்கள் பெட்டிக் கணக்கில்தான் சேரும். ஒரு வருடமாக நீங்கள் அள்ளிப் போட்டதெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் குவிந்திருக்கிறது. விலைப்பட்டியல் போன்ற பொடி மெயில்கள் மீதியிருக்கும் சந்தில் நுழைந்துவிடும். ஸ்கேன் வைத்த என் அறிக்கை கொஞ்சம் பெரியது, அதற்கு இடம் போதவில்லை. அதனால்தான் பெட்டி வேலை செய்வதுபோலவே உங்களுக்குத் தோன்றியது.

டெலீட்டட் ஐட்டம்ஸைத் திறந்து, மேலே 'அளவு' என்ற இடத்தில் ஒரு தடவை அழுத்துங்கள். பெரிய மெயிலெல்லாம் முன்னால் வந்து நிற்கும். நவம்பர் 27க்கு முன்னால் கடைசியாக வந்த பெரிய மெயில் எது என்று பாருங்கள். இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது அதுதான். ஏதாவது கம்பெனி விளம்பரமாக இருக்கும். பார்த்துவிட்டு மொத்தத்தையும் காலி செய்யுங்கள்.

செல்வலட்சுமி


புளியம்பதி,
11 மார்ச் 2025

செல்வலட்சுமிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். விளம்பரம் இல்லை.

எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதமே வளையல் போட்டுவிடுவது வழக்கம். நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, நர்மதாவுக்கு வளைகாப்பு. படமெல்லாம் என் போனில்தான் எடுத்தேன். சங்க ஆபீஸில் கலர் பிரிண்டர் இருக்கிறது. திங்கட்கிழமை காலை, அங்கே அச்சுப் போடலாம் என்று என் சொந்த மெயிலிலிருந்து சங்கத்து மெயிலுக்கு நாற்பத்திரண்டு படங்களை அனுப்பினேன். ஒரே மெயிலில் போகாது என்பதால் நாலாகப் பிரித்து அனுப்பினேன். அச்சுப் போட்டு முடித்ததும், பால் ஊற்ற வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டாமே என்று அந்த மெயில்களை டெலீட் செய்தேன். அவை டெலீட்டட் ஐட்டம்ஸில் அப்படியே இருக்கின்றன. அளவுப்படி அடுக்கினால் முதல் மூன்றும் அவைதான்.

மூன்றுதான் இருக்கின்றன. நாலாவது உள்ளே வரவில்லை. அது திரும்பி என் போனுக்கு வந்தது. பெட்டியில் இடமில்லை என்ற அதே வாசகம். திங்கட்கிழமையே நான் அதைப் படித்திருக்கிறேன், செல்வலட்சுமி. படம் அதிகமாகிவிட்டது போல என்று நினைத்து, வந்த முப்பத்துமூன்றை அச்சுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளைக்கு மறுநாள் உங்கள் அறிக்கை வந்து, இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறது.

உங்களுக்குத் திரும்பி வந்ததை நீங்கள் படிக்கவில்லை. நான் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். உங்களுக்குப் பதிவுத் தபால் அனுப்பியது நான்.

காலி செய்யப் போனேன். நிரந்தரமாக அழித்துவிடவா என்று கேட்டது. அழுத்த முடியவில்லை. ஜனவரியில் வீட்டுக்கு வந்ததுமே அச்சுப் போட்ட படங்களை அம்மா எடுத்து எங்கோ வைத்துவிட்டார், எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் போன் டிசம்பரில் கீழே விழுந்து மாற்றினேன், பாஸ்வேர்டு நினைவில்லாததால் என் சொந்த மெயிலையும் திறக்க முடியவில்லை. மிச்சம் இருப்பது இந்த மூன்று மெயில்தான். அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கும் படம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதை நானே அழித்தால்தான் நீங்கள் அனுப்புவது உள்ளே வரும் என்றால் நான் என்ன செய்ய?

நேற்றுக் காலை ஆபீஸைத் திறந்தேன், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூடிவிட்டு வந்துவிட்டேன். பால் டெஸ்ட் செய்யும் அர்த்தநாரி, "ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதை மட்டும் நர்மதாவிடம் காட்டிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். காட்டினால் அவள் அழுவாள், அம்மா வாயை மூடிக்கொள்வார், நான் தப்பித்துவிடுவேன். இந்த எண்ணம் வந்ததையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பூபதிராஜா


மூன்றாம் டிவிஷன் லயம்,
மாட்டுப்பட்டி,
17 மார்ச் 2025

அண்ணாச்சிக்கு,

ஐயா என்று எழுதக் கை வரவில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

எதையும் அழிக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எனக்கு விஷயம் தெரியாது. மெயில் புரோகிராமில் இடது பக்கம் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கும். அது உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற இடம், பெட்டிக் கணக்கில் சேராது. அதில் புதிதாக ஒரு ஃபோல்டர் போடுங்கள். அந்த மூன்று மெயிலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து அதற்குள் விடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து படம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பென் டிரைவிலும் படங்களைப் பதிந்துகொள்ளுங்கள், கம்ப்யூட்டரை நம்பி ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஆடிட்டருக்கு வேண்டியதையும் இதே போல் இழுத்துவிடலாம். அதற்கப்புறம் மற்றதைக் காலி செய்யுங்கள்.

முப்பத்தொரு மாட்டின் முடிவும் வந்துவிட்டது. நாலு மாட்டுக்கு நோய் இருக்கிறது. இந்தத் தடவை படிவத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை, இரண்டாவது எண்ணில் அர்த்தநாரி எடுத்தார். மாட்டு எண்களைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன், திருப்பிப் படிக்கச் சொன்னேன். அந்த நாலு வீட்டுக்கும் தானே போய்ச் சொல்லிவிட்டதாகச் சாயங்காலம் கூப்பிட்டுச் சொன்னார். காகிதப் பிரதி ஸ்பீட் போஸ்ட்டில் வருகிறது. அதனால் அந்த மாடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

டாக்டர் மேடத்திடம் என் விதியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அறிக்கை அனுப்பும் வேலையை ஜிஸ்மியிடம் கொடுத்திருக்கிறார். நான் இப்போது டியூப் கழுவுகிறேன். இது நியாயம்தான், உங்களுக்கு மனக்கஷ்டம் வேண்டாம். நவம்பர் அறிக்கையை மட்டும் நான் அனுப்ப அனுமதி கேட்டேன், கொடுத்தார். தினமும் காலை ஒன்பதரைக்கு அதை உங்கள் பெட்டிக்கு அனுப்புகிறேன். தினமும் திரும்பி வருகிறது, தினமும் திறந்து படிக்கிறேன்.

என் தாளை மட்டும் காட்டலாம் என்று நினைத்ததாக எழுதியிருந்தீர்கள். காட்டினால் நான் மறுத்து எழுத மாட்டேன். ஆனால் அப்போது நர்மதா அக்காவுக்குப் பாதிதான் தெரியும். தன் கைதான் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர், முழுவதும் தெரிந்தால்தான் அந்தக் கையைக் குற்றம் சொல்வதை விடுவார். நான் வயதில் சின்னவள், உங்களுக்குச் சொல்லித் தரும் இடத்தில் இல்லை. இருந்தாலும், அவர் கழுவிக்கொண்டே இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதை என்னால் மறக்க முடியவில்லை.

செல்வலட்சுமி


புளியம்பதி,
29 மார்ச் 2025

செல்வலட்சுமிக்கு,

நாளை பொதுக்குழு. உங்கள் தாளைப் படிப்பதற்கு முன்னால் நான் எழுதிய தாளைப் படிக்கப் போகிறேன். அதில் சிவப்புக் கோடும் இருக்கிறது, நாலாவது மெயிலும் இருக்கிறது. செயலாளர் பதவியை அவர்கள் எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுவேன்.

புதன்கிழமை மதியம் நர்மதாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் முடியாது என்று எழுதி வைத்துப் படித்தேன். முடித்ததும் நர்மதா ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தக் காயிதம் எப்ப வந்திருக்கோணும்?" நவம்பர் 27 என்றேன். அங்கிருந்து டிசம்பர் 6 வரை விரலை மடக்கி எண்ணினாள். "ஒம்போது நாளு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மா அன்று சோறு உண்ணவில்லை. மறுநாள் காலை, எடுத்து வைத்திருந்த படங்களைக் கொண்டுவந்து நர்மதாவின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். "எம் மேலயும் தப்பு இருக்குது கண்ணு" என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை, பால் ஊற்றி முடிந்து ஆள்களெல்லாம் போன பிறகு, நர்மதா ஆபீஸுக்கு வந்தாள். கையில் துணிப்பை இருந்தது. "எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. எத்தன நாளைக்குன்னு கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. பையை மேசை மேல் வைத்துவிட்டு, "அத எனக்குக் காட்டுங்க" என்றாள்.

நாற்காலியைக் கொடுத்தேன். நீங்கள் எழுதியபடி மூன்று மெயிலையும் நான் வியாழக்கிழமை மாலையே லோக்கல் ஃபோல்டருக்குள் இழுத்துவிட்டிருந்தேன், பென் டிரைவிலும் போட்டு வைத்திருந்தேன். மற்றதைக் காலி செய்யாமல்தான் விட்டிருந்தேன். அவள் முப்பத்துமூன்று படத்தையும் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஒரு படத்தில் அம்மா சந்தனம் பூசுகிறார், அதில் கொஞ்சம் நேரம் நின்றாள். கடைசியில், "நாலாவதுல என்ன படம் இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

அந்த ஒன்பது படமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லாம் முடிந்து விருந்தாளிகள் போன பிறகு, புது வளையலோடு அவளைக் கட்டுத்தரைக்குக் கூட்டிப்போய், சினைமாட்டின் கழுத்தைத் தடவச் சொல்லி எடுத்தவை. இரண்டு பேரும் மாசமாக இருக்கிறீர்கள், சேர்ந்து நில்லுங்கள் என்று சொன்னதும் நான்தான். டிசம்பரில் கன்று வீசியது அந்த மாடுதான். இதைச் சொன்னேன். "ஆமாங்க. அன்னைக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அம்மா எத்தனையோ தடவை அவளை ஏசியபோது, நான் பக்கத்தில் நின்றும் இதைச் சொன்னதில்லை.

பிறகு எதை அழுத்த வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். நிரந்தரமாக அழித்துவிடவா என்று அது கேட்டது. அழுத்தினாள். ஒரு வருடக் குப்பை போவதற்கு நாலைந்து நிமிடம் ஆனது. சிவப்புக் கோடு காணாமல் போயிற்று. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மணி ஒன்பது இருபது. உங்கள் நேரம் எனக்குத் தெரியும், அவளிடமும் சொன்னேன். பஸ் ஒன்பது ஐம்பதுக்கு. "இருக்கறன்" என்றாள்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு வந்தது. மேலே உங்கள் பெயர், அடியில் நவம்பர் 27 என்று பழைய தேதி போட்ட அறிக்கை. அவளே திறந்தாள். வாய்விட்டுப் படித்தாள். மாட்டு எண், சொந்தக்காரர் என்ற இடத்தில் என் பெயர், முடிவு, எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நீங்கள் முதல் தடவை அனுப்பிய காகிதப் பிரதியில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு வரி கடைசியில் இருக்கிறது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இந்த மாட்டின் அருகில் போக வேண்டாம் என்று அவர்களிடம் கட்டாயம் சொல்லவும். அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். ஜனவரிக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். பென் டிரைவை நீட்டினேன், வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். படி இறங்கும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு எழுதிப் போடுங்க. தெனமும் அனுப்பிச்சுட்டு, தெனமும் திரும்பி வர்றதப் பாத்துட்டுக் கெடக்குதல்ல. வந்து சேந்துருச்சுன்னு எழுதுங்க."

வந்து சேர்ந்தது.

பூபதிராஜா